அந்தமானில் அம்மாவோடு: தசரா விடுமுறை நாட்குறிப்பு

அக்டோபர் 3, போர்ட் பிளேர்

விமானம் இறங்கும்போது நல்ல மழை. ஜன்னல் வழியாகப் பச்சையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மலைச்சரிவு முழுக்கக் காடு, காடு முடிகிற இடத்திலேயே கடல் தொடங்கிவிடுகிறது. 2023-ல் திறந்த புது முனையத்தைச் சிப்பி வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார். ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்களை ஏற்றிக்கொண்ட டிரைவர் முதல் விடுதிப் பையன் வரை எல்லாரும் போர்ட் பிளேர் என்றே சொன்னதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெங்களூரில் தசரா விடுமுறை என்றால் நாங்கள் மைசூர் போவோம், இல்லையென்றால் கோலார் தங்கவயலுக்குப் போய் மிச்சமிருக்கும் உறவுகளைப் பார்த்துவிட்டு வருவோம். இந்த வருடம் அந்தமான் போகலாம் என்றது என் மகள். அல்சூரில் எங்கள் தெருவைத் தாண்டவே யோசிக்கிற அம்மா உடனே சரி என்றது எனக்கு ஆச்சரியம். அறுபத்தேழு வயதாகிறது. மெரினாவிலும் வேளாங்கண்ணியிலும் காலை நனைத்ததோடு சரி, கடலில் பயணம் போனதில்லை.

மாலை ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. மேகமாக இருக்கும் என்று நினைத்தோம், பொழுதே சாய்ந்திருந்தது. இந்தத் தீவுகள் இந்தியப் பெருநிலத்தைவிட பர்மாவுக்கும் தாய்லாந்துக்கும்தான் பக்கம், ஆனால் கடிகாரம் நம்முடையது. அதனால் காலை ஐந்தே காலுக்கு வெயில் வந்துவிடுகிறது, மாலை ஐந்து தாண்டியதும் இருள். பெங்களூரோடு ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். அலுவலகம் விட்டு எட்டரைக்கு வீடு சேருகிற எங்களுக்கு ஐந்தரை மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சரி, சாப்பிடலாம் என்று அபெர்தீன் பஜாருக்கு நடந்தோம்.

கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ், மீதி இந்தியும் வங்காளமும். ஒரு சின்ன மெஸ்ஸில் உட்கார்ந்தோம். வாழையிலை, புழுங்கலரிசிச் சோறு, சூரை மீன் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம். ஆள் ஒன்றுக்கு 150 ரூபாய், வறுவல் தனி. குழம்பில் புளி தூக்கலாக இருந்தது, மீன் அன்றைக்குப் பிடித்தது என்று முதல் வாயிலேயே தெரிந்தது. பரிமாறிய அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். என் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு முட்டையைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

“எந்த ஊரு நீங்க?” என்று கேட்டார்.

“பெங்களூருங்க” என்றேன் நான்.

“தங்கவயல்” என்றார் அம்மா.

பெங்களூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அம்மா அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னதில்லை. “உங்களுக்கு?” என்று திருப்பிக் கேட்டார். “இங்கதாம்மா. பிளேர்லதான் பொறந்தேன்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ரசம் ஊற்றப் போனார். “அது இல்ல, சொந்த ஊரு எது?” என்று அம்மா அவர் பின்னாலேயே கேட்டதற்குப் பதில் வரவில்லை. கூட்டம் வந்துவிட்டது.

அக்டோபர் 4, போர்ட் பிளேர்

ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்து பிள்ளைகளை எழுப்பிவிட்டது. பெங்களூரில் பள்ளி நாளில் ஆறரைக்குக்கூட எழுப்ப முடியாதவன், பல் தேய்த்துவிட்டு வாசலில் நிற்கிறான்.

முதலில் சாத்தம் மர ஆலை. ஒரு குட்டித் தீவு, அதற்கு ஒரு பாலம், தீவு முழுக்க மரம் அறுக்கிற கூடங்கள். 1883-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. படாக் மரத்தை அறுத்ததும் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கிறது, வாளில் இருந்து விழுகிற தூளும் சிவப்புதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளம் ஒன்று உள்ளேயே இருக்கிறது. தச்சு வேலைக்கூடத்தில் வேலை செய்த பெரியவர் ஒரு சிறு துண்டை இழைத்து என் மகள் கையில் கொடுத்தார். ஈரமாக, கனமாக இருந்தது. பார்த்ததும் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார், அது அரசாங்கச் சொத்தாம். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பத்து மணிக்கு செல்லுலார் சிறை. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்திருக்கிறார்கள். நடுவில் கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கமும் நீண்ட கட்டடங்கள், மொத்தம் 698 தனி அறைகள். இப்போது மூன்று கட்டடங்கள்தான் நிற்கின்றன. ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருப்பதால் எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. செக்கைக் காட்டினார்கள். நாளுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும், குறைந்தால் அடி. கோபுரத்தில் கல்வெட்டாகப் பெயர்கள், வங்காளமும் பஞ்சாபும்தான் அதிகம். 1933 உண்ணாவிரதத்தில் பலவந்தமாகப் பால் ஊற்றியதால் மகாவீர் சிங் இறந்த கதையை வழிகாட்டி சொன்னபோது என் மகள் குறிப்பேட்டை மூடிவிட்டாள். அப்புறம் அதைத் திறக்கவில்லை.

அம்மா ஓர் அறையை விட்டு வர மறுத்தார். அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பிக் கதவிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு வெளிச்சுவரோடு போகிறது. அது போய்ச் சேருகிற இடம் சுவருக்குள் குடைந்த ஒரு மாடம். பூட்டு அந்த மாடத்துக்குள் இருக்கிறது. அம்மா உள்ளே நின்று, கம்பிக்கு வெளியே கையை விட்டு, தோள் வரை நீட்டிப் பார்த்தார். விரல் நுனிக்கும் மாடத்துக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் இருந்தது. மறுபடி நீட்டினார். வளையல் கம்பியில் உரசியது.

“உங்கப்பா இறங்குற கூண்டுக்கும் இப்படித்தான் இரும்புக் கதவு. வெளியிலேர்ந்துதான் சாத்துவாங்க. ஆனா ஷிப்ட் முடிஞ்சா திறந்துடுவாங்க.”

அப்பா தங்கவயலில் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் இருந்தார். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடுகிற வரை அந்தக் கூண்டில்தான் இறங்கி ஏறினார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. பிள்ளைகள் இரண்டும் பாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றன.

மாலை ஒலி ஒளிக் காட்சி பாதியிலேயே மழையால் நின்றது. ஓடி வந்து ஒதுங்கிய இடத்தில் சுற்றுலா முகவர் ஒருவர் பாராடாங் போகச் சொல்லி வற்புறுத்தினார். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை எல்லாம் சொன்னவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, “வழியில ஜாரவாக்களைப் பார்க்கலாம்” என்றார். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. ஜிர்க்காடாங்கில் வண்டிகளை வரிசைகட்டி, போலீஸ் காவலோடு அனுப்புகிறார்கள். நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. தொண்ணூறுகளின் கடைசி வரை வெளியாட்களை அண்டவிடாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு மனிதக் கூட்டத்தைக் காட்டி டிக்கெட் விற்பது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. குகையைப் பார்க்காமல் போனாலும் பரவாயில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 5, ஹேவ்லாக்

2018-லிருந்து இதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். போர்ட் பிளேரிலிருந்து தனியார் படகில் ஒன்றரை மணி நேரம். குளிர்சாதனம், அடைத்த ஜன்னல், முதல் அரை மணி நேரம் சுகம்.

துறைமுகத்தின் மறைவு தாண்டியதும் படகு ஆட ஆரம்பித்தது. என் கணவர் முகம் வெளுத்தது. எனக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லை, அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். இவர் மட்டும் மூன்று பைகளை நிரப்பினார். படகில் வேலை செய்த ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உப்பு தொட்ட எலுமிச்சைத் துண்டு கொடுத்தான், போனைப் பிடுங்கி என்னிடம் தந்தான், தூரத்துக் கரையை மட்டும் பாருங்கள் என்று இந்தியில் சொல்லிக்கொண்டே முதுகைத் தடவிவிட்டான். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. இறங்கும்போது இவர் கொடுத்த பணத்தை வாங்காமல் கைகூப்பினான்.

நாங்கள் தங்கியது ஒரு வங்காளி குடும்பத்தின் வீட்டில், பாக்குத் தோப்புக்கு நடுவே இரண்டு அறை. வாசலில் கோழிகள், கிணறு, மழையில் நனைந்த வாழை. மதியம் அவர்களே போட்ட சாப்பாடு: சோறு, பருப்பு, பூசணிக் கூட்டு, கடுகு அரைத்துவிட்ட மீன். 250 ரூபாய். கடுகுக் குழம்பின் காரம் மூக்கில் ஏறியது. அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இளநீர் 50 ரூபாய், பெங்களூரில் 60 கொடுத்தாலும் அதில் பாதித் தண்ணீர்தான் இருக்கும். ஆனால் தக்காளியும் வெங்காயமும் பெரும்பாலும் கப்பலில் வருவதால் நம் ஊர் விலையைவிட அதிகம்.

மூன்று மணிக்கே ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினோம், இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டுமே. இங்கே கடற்கரைகளுக்கு எண்தான் பெயர், இது 7-ஆம் எண். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020-ல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்திருக்கிறது. வண்டியை விட்டு இறங்கினால் கடல் தெரியவில்லை, வானத்தை மறைக்கிற மரங்கள். அவற்றுக்குள் நடந்து மணலில் கால் வைக்கிற இடத்தில்தான் நீலம் திறக்கிறது. கடைகளெல்லாம் வெளியே வாசலோடு நின்றுவிடுகின்றன. மணலில் ஒரு பிளாஸ்டிக் துண்டுகூட இல்லை. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, காவலர்கள் எல்லை தாண்டுகிறவர்களை விசிலடித்துத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

அம்மா முழங்கால் ஆழத்துக்குப் போனார். அப்புறம் இடுப்பு. பிறகு உட்கார்ந்துவிட்டார். புடவை மேலே மிதக்க, அலை வரும்போதெல்லாம் சத்தமாகச் சிரித்தார். அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. காவலர் விசில் ஊதிய பிறகும் எழுந்திருக்க மனமில்லை அவருக்கு.

அக்டோபர் 6, ஹேவ்லாக்

காலையில் எலிஃபன்ட் பீச். காட்டு மரங்களை இழுக்க யானைகள் வைத்திருந்த காலத்துப் பெயர். துறைமுகத்திலிருந்து வேகப்படகு, தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடி, குழாய், ஆள் என எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1000 ரூபாய். கரையில் நிறைய பட்டுப்போன மரங்கள் வேரோடு கிடக்கின்றன, 2004 சுனாமியில் விழுந்தவை.

வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். முதல் இரண்டு நிமிடம் பயம், அப்புறம் மறந்துவிடுகிறது. தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் வெளிச்சத்தம் எல்லாம் நின்று, கறக் கறக் என்று ஒரு சத்தம் கேட்டது. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துத் தின்கிற சத்தமாம். பச்சையும் ஊதாவும் கலந்த மீன்கள், அலகு மாதிரியே வாய். கரையோரப் பவளம் பல இடங்களில் சாம்பல் நிறமாகச் செத்துக் கிடக்கிறது, கடல் சூடானதால் வெளுத்துப்போனது என்று எங்களைக் கூட்டிப்போன படகோட்டி சொன்னார். அதன் மேலேயே சுற்றுலாக்காரர்கள் நிற்பதையும் பார்த்தோம். அவர் எங்களை எங்கேயும் கால் ஊன்ற விடவில்லை, அது சரியான கண்டிப்பு.

கரைக்கு வந்ததும் என் மகன் சிப்பி பொறுக்க ஆரம்பித்தான். இரண்டு கை நிறைய. படகோட்டி அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். திட்டவில்லை. ஓரிடத்தைக் காட்டினார். நகத்தளவு நண்டு ஒன்று, முதுகில் சங்குக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டிலின் நீல மூடியைச் சுமந்துகொண்டு போனது. மூடி அகலம், நண்டு நடக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து மண்ணில் இழுபட்டது. மகன் கையிலிருந்த ஒரு சின்னச் சங்கை வாங்கி, நண்டுக்கு முன்னால் வைத்துவிட்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நண்டு வந்து சங்கைத் தொட்டது. ஒரு கொடுக்கை வாய்க்குள் விட்டு ஆழம் பார்த்தது, வெளியே இழுத்தது, சங்கை உருட்டிப் பார்த்தது, மறுபடி விட்டது. சட்டென்று மூடியிலிருந்து உருவிக்கொண்டது. அந்த ஒரு நொடி அதன் உடம்பைப் பார்த்தோம்: இளஞ்சிவப்பில் சுருண்ட, ஓடே இல்லாத வயிறு. அடுத்த நொடி சங்குக்குள் நுழைந்து, தோளை இரண்டு முறை குலுக்கிச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டது. நண்டு வளர வளரப் பெரிய சங்காகத் தேடி மாற வேண்டும், மனிதர்கள் பொறுக்கிக்கொண்டு போவதால் கிடைப்பதில்லை என்று படகோட்டி இந்தியில் சொன்னதை மகள் தமிழில் தம்பிக்குச் சொன்னாள். அவன் கையிலிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மணலில் பரப்பி வைத்தான். அந்த நீல மூடியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், குப்பைத் தொட்டியில் போடுவதற்காம்.

இரவு எட்டு மணிக்கே எல்லாரும் தூங்கிப்போனோம்.

அக்டோபர் 7, ஹேவ்லாக்

இன்று நீல் தீவுக்குப் போயிருக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து காற்று. பாக்கு மரங்கள் வளைந்து வளைந்து நிமிர்கின்றன. படகு ரத்து என்று நேற்று நள்ளிரவில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கிறது, காலையில்தான் பார்த்தோம். நனைந்துகொண்டே துறைமுகத்துக்குப் போனால் அந்தப் படகு நிறுவனத்தின் கவுன்ட்டரில் ஆள் இல்லை, போனையும் எடுக்கவில்லை. காற்றுக்கு யாரும் பொறுப்பில்லை, கடல் கொந்தளிக்கும்போது படகை நிறுத்துவதுதான் முறை. ஆனால் கைக்குழந்தையோடும் பெட்டிகளோடும் ஐம்பது அறுபது பேர் மழையில் நிற்கும்போது, அடுத்த படகு எப்போது என்று சொல்ல ஒருவரையாவது உட்கார வைத்திருக்கலாம். அந்தக் கோபம் எழுதும்போதும் ஆறவில்லை. அரசுக் கப்பல் கவுன்ட்டரில் இருந்த ஊழியர், தன் வேலை இல்லையென்றாலும், நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார்.

வீட்டுக்காரர் எங்கள் பெட்டிகளைப் பார்த்ததும் அறையைத் திறந்துவிட்டார். “இன்னைக்கு வாடகை வேண்டாம், சாப்பாட்டுக்கு மட்டும் கொடுங்க” என்றார். மழை நாளில் அவர்கள் வீட்டில் கிச்சுடிதான். கோபிந்தபோக் அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் குழைய வெந்து, மேலே நெய். தொட்டுக்கொள்ள வட்டமாக நறுக்கிப் பொரித்த கத்தரிக்காய், முட்டை ஆம்லெட், தக்காளி இனிப்புத் துவையல். அம்மா அடுப்படிக்கே போய்விட்டார். வீட்டுக்காரர் மனைவிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளமும் இந்தியும் தெரியாது. இரண்டு பேரும் கத்தரிக்காய்க்கு மஞ்சள் தடவியபடி அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மதியம் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்காரர் சொன்னார். அவருடைய அப்பா கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தவர். ஐம்பதுகளில் அரசாங்கம் அவர்களைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, காட்டை வெட்டி விவசாயம் செய்துகொள்ளச் சொல்லி நிலம் கொடுத்தது. மலேரியா, அட்டை, பாம்பு. “அப்பா கடைசி வரை பாரிசால் பாரிசால்னு சொல்லிட்டே இருந்தார். நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. பார்க்கணும்னு தோணவும் இல்லை” என்றார்.

அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க தாத்தா வடஆற்காட்டுலேர்ந்து சுரங்க வேலைக்கு வந்தாராம். எந்தக் கிராமம்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. நான் கேட்டும் வைக்கல” என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத செய்தி இது. நானும் அதை வீட்டுக்காரரிடம் இந்தியில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே பார்த்துத் தேநீர் கேட்டார்.

நீல் தீவில் கடல் வற்றும்போது நடந்து போய்ப் பார்க்கிற பாறைப் பாலம் இருக்கிறது, என் மகள் அதற்காகத்தான் வந்ததே. மாலை வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அப்புறம் வீட்டுக்காரரின் பேத்தியோடு கேரம் ஆட உட்கார்ந்தாள்.

அக்டோபர் 8, போர்ட் பிளேர்

அரசுக் கப்பலில் இடம் கிடைத்தது. இரண்டரை மணி நேரம், மேல்தளத்தில் காற்றாட. பெரிய கப்பல் என்பதால் ஆட்டம் குறைவு, இவர் எலுமிச்சைத் துண்டோடு தப்பித்தார். கோழிக் கூடைகள், வாழைத்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி, சீருடையில் மாணவர்கள். சுற்றுலாப் படகைவிட இதில்தான் தீவைப் பார்த்த மாதிரி இருந்தது. பணமும் பல மடங்கு மிச்சம்.

மதியம் வண்டூர் போக ஒரு கார் பேசினோம். டிரைவர் தமிழர், முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்தார். பெட்ரோல் இங்கே லிட்டர் 82 ரூபாய்தான் என்று அவர் சொன்னதும் இவர் பெங்களூர் விலையைச் சொன்னார், இரண்டு பேரும் சிறிது தூரம் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

சிப்பிகாட் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பட்ட தென்னை மரங்கள், கொக்குகள். பார்க்க ஏரி மாதிரி. “இதெல்லாம் வயல் பாட்டி. சுனாமி அன்னைக்கு நிலமே கீழ இறங்கிடுச்சு. அலை திரும்பிப் போச்சு, தண்ணி போகல” என்றார். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. உயிர்ச்சேதத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், நிலம் கடலாகி அப்படியே தங்கிவிட்ட கதை எனக்குத் தெரியாது. அவர் மாமாவின் வயலும் அதில்தான் இருக்கிறதாம். எந்த இடம் என்று கையால் காட்டினார். அங்கே ஒரு கொக்கு நின்றது.

அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். “தம்பிக்கு சொந்த ஊரு?”

“தாத்தா ராமநாதபுரம் பக்கம் பாட்டி. ரோடு போட வந்தவரு. ஒரு தடவ அங்க போனேன். ‘அந்தமான்காரன் வந்திருக்கான்’னாங்க. இங்க வந்தா ‘மெட்ராஸ்காரன்’ம்பாங்க. நான் ரெண்டையும் காதுல போட்டுக்கறதில்ல. எனக்கு இதுதான் ஊரு.”

“எங்களையும் அப்படித்தான் தம்பி. பெங்களூர்ல தமிழ்க்காரங்க, மெட்ராசுக்குப் போனா பெங்களூர்க்காரங்க.”

வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கைதிகளின் வாரிசுகளை இங்கே ‘லோக்கல்’ என்கிறார்களாம், அவர்கள் வீட்டில் இந்துவும் முஸ்லிமும் கலந்த சொந்தங்கள் உண்டு. ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், மாயாபந்தரில் பர்மாவிலிருந்து வந்த கரென் மக்கள், தெலுங்கு மீனவர்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்கள். அம்மா ஒவ்வொருவரைப் பற்றியும் கேள்வி கேட்டார். வண்டூர் கடற்கரையில் முதலைக்காக வலை கட்டியிருந்தார்கள், வானம் மூட்டமாக இருந்தது, இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அந்தக் கடற்கரை என் நினைவில் அதிகம் நிற்காது, கார்ப் பேச்சு நிற்கும்.

அக்டோபர் 9, போர்ட் பிளேர், பெங்களூர்

காலை ஆறு மணிக்கு வெற்றிமலை முருகன் கோயில். அதே டிரைவர் வந்து கூட்டிப்போனார், அதற்கு 200 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். கோயிலில் வெண்பொங்கல் கொடுத்தார்கள், மிளகு முழுசாக. முதல் நாள் மெஸ்ஸில் பரிமாறிய அம்மாள் பிராகாரத்தில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டு, “தங்கவயலம்மா, ஹேவ்லாக் பாத்தாச்சா?” என்று கேட்டார். அம்மா இந்த முறை அவரிடம் சொந்த ஊர் கேட்கவில்லை. சூரை மீனுக்கு எவ்வளவு புளி என்று கேட்டார். அவர் விரல்களைக் குவித்து அளவு காட்டினார்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் பையைத் திறந்து சிப்பி, பவளத் துண்டுகளையெல்லாம் வெளியே எடுத்தார்கள். வனவிலங்குச் சட்டப்படி பவளமும் பல வகைச் சங்குகளும் எடுத்துப்போகக் கூடாது, ரசீது உள்ள கடைப்பொருள் வேறு விஷயம். அந்த வீட்டுச் சிறுமி அழுதாள். என் மகன் அவளிடம் போய் நண்டுக் கதையை அவனுக்குத் தெரிந்த இந்தியில் சொல்ல முயன்றான், பாதிதான் வந்தது, மிச்சத்தை விரல்களால் நடித்துக் காட்டினான். அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

பெங்களூரில் இறங்கி வீடு சேர இரண்டு மணி நேரம் ஆனது, ஹெப்பாளில் மட்டும் நாற்பது நிமிடம். வண்டியிலேயே ஹேவ்லாக் வீட்டுக்காரரிடமிருந்து மகளுக்குச் செய்தி வந்தது: காற்று நின்றுவிட்டது, இன்று நீல் படகு ஓடுகிறது. அவள் போனை என்னிடம் காட்டிவிட்டு, அடுத்த வருடம் பரீட்சை முடிந்ததும் என்றாள். அம்மா விமானம் வேண்டாம் என்கிறார். சென்னையிலிருந்து கப்பல் இருக்கிறதாம், மூன்று நாள் ஆகுமாம், டிரைவர் தம்பியின் தாத்தாவும் அப்படித்தான் வந்தாராம். கடலில் மூன்று நாள் என்றதும் இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவரும் மகனும் விமானத்தில் வரட்டும். நாங்கள் மூன்று பேரும் கப்பலில் போகிறோம்.